அயற்குழலில் நம் குரல்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

   

தமிழ்க் கவிஞர்கள் கூடியுள்ள அவையில் மேலைநாட்டு ஊதுகருவி ஒன்றைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் சிலர்க்கு எழக்கூடும். பொருந்தும் என்பதற்குக் காரணம் உண்டு. வெளியிலிருந்து வந்த வடிவம் எப்போது நமக்கு உரியதாகிறது என்பது இக்காலக் கவிஞர் ஒவ்வொருவர் முன்னும் நிற்கும் வினா. பாரதியார் 1916ஆம் ஆண்டு சுதேசமித்திரன் இதழில் சப்பானியக் கவிதையை அறிமுகப்படுத்தினார். பின்னர்ப் புதுக்கவிதை வந்தது, ஐக்கூ பரவியது. இவற்றை இரவல் என்று ஒதுக்குவோரும் உளர். இயல்பான வளர்ச்சி என்று வரவேற்போரும் உளர். இரு தரப்பாரும் கருதிப் பார்க்கத்தக்க விடையொன்று, திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த கிளாரினெட் கலைஞர் ஏ.கே.சி. நடராஜனின் இசை வாழ்வில் கிடைக்கிறது. அவ்வாழ்வின் வேர்களுள் ஒன்று நம் மாவட்டத்து இலுப்பூரில் இருப்பது இவ்வவைக்குக் கூடுதல் மகிழ்ச்சி தரும்.

தொல்காப்பிய இலக்கணம்

இவ்வினாவைத் தமிழ் இலக்கணம் மிகப் பழங்காலத்திலேயே எதிர்கொண்டது. செய்யுள் ஈட்டுவதற்கு உரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகத் தொல்காப்பியர் எச்சவியலில் வகுத்தார். வெளியிலிருந்து வந்த சொற்களுக்கும் செய்யுளில் இடம் தந்தார் என்பது கருதத்தக்கது. ஆயினும் ஒரு வரையறை செய்தார். வடசொல் தன் எழுத்தை விட்டுத் தமிழ் எழுத்தை ஏற்று வரவேண்டும் என்றார். சொல் எங்கிருந்தும் வரலாம். அதன் ஒலிப்பு நம் நாவுக்கு இசைய வேண்டும் என்பதே இதன் கருத்து. இசைக்கருவிக்கும் இவ்விலக்கணம் பொருந்துமா எனப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

நம் நாவுக்கு இசைவது என்றால் இசையில் என்ன பொருள்? அதற்குரிய சான்று நம் மாவட்டத்துப் பாறையிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. குடுமியான்மலை இசைக் கல்வெட்டு பல்லவ கிரந்த எழுத்தில் அமைந்தது. ஏழு பகுதிகளாகச் சுரக் கோவைகள் அதில் வெட்டப்பட்டுள்ளன. அக்கோவைகளில் ஒரு சுரத்தின் பெயர் ஒரே எழுத்தால் குறிக்கப்படவில்லை. அ, இ, உ, எ என்னும் நான்கு உயிர்களை ஏற்று நால்வகையாக வருகிறது. இது நுண்சுருதி வேறுபாடா, வாசிக்கும் முறையின் குறியீடா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும், சுரம் என்பது அசையாமல் நிற்கும் ஒரு புள்ளியாக இந்நிலத்தில் கருதப்படவில்லை என்பதை அக்கல் உணர்த்துகிறது. மெய்யெழுத்து உயிரேறி இயங்குவதுபோல, சுரம் அசைவேறி இயங்குகிறது. அவ்வசைவையே கமகம் என்கிறோம்.

கருவி வந்த வழி

கிளாரினெட் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செருமனியின் நியூரம்பர்க் நகரில் உருப்பெற்றது. அதை உருவாக்கிய பெருமை யோகான் கிறிஸ்தோப் டென்னர் என்னும் கருவி வினைஞருக்கு உரியது. மொத்சார்ட் தம் வாழ்வின் இறுதி ஆண்டான 1791இல், அன்டன் ஷ்டாட்லர் என்னும் கலைஞருக்காகக் கிளாரினெட்டை முதன்மைப்படுத்தி எழுதிய படைப்பு இன்றும் உலகெங்கும் வாசிக்கப்படுகிறது. மனிதக் குரலுக்கு நெருங்கிய ஒலி என்று மேலை இசையுலகம் அதைப் போற்றிற்று.

தமிழகத்துக்கு அது அவ்வளவு பெருமையுடன் வரவில்லை. படையணிகளின் பேண்டு வாத்தியக் குழுக்களோடு வந்தது. தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் தம் அரண்மனையில் மேலைநாட்டு வாத்தியக் குழுவொன்றைப் பேணினார். மேலைக் கருவிகள் நம் கலைஞர் கைகளுக்கு வர அது ஒரு வாயிலாயிற்று.

அக்காலத்துக் கோயில் கலை பெரிய மேளம், சின்ன மேளம் என இரண்டாக அறியப்பட்டது. நாகசுரமும் தவிலும் கொண்டது பெரிய மேளம். சதிர் ஆடும் பெண்டிர்க்கு நட்டுவனார், முகவீணை, துத்தி, மத்தளம் ஆகியவற்றோடு இசைத்தது சின்ன மேளம். 1860ஆம் ஆண்டையொட்டி மகாதேவ நட்டுவனார் என்பவர் கிளாரினெட்டைச் சதிர்க் குழுவில் சேர்த்தார் என்று இசை வரலாற்றாளர் கூறுவர். காலப்போக்கில் முகவீணையின் இடத்தை அது பெற்றது. தெருவில் நடந்துகொண்டே ஊதப்பட்ட படைக்கருவி, ஆடுபவரின் முகக்குறிப்பறிந்து பாட்டின் பின்னே மெல்லச் செல்லும் அவைக்கருவியாயிற்று. பின்னாளில் பாலசரஸ்வதி அம்மையாரின் நாட்டிய அரங்கிலும் கிளாரினெட் ஒலித்தது.

இவ்வழியே அக்கருவிக்கு வாழ்வும் கிடைத்தது, தாழ்வும் சேர்ந்தது. சதிர் ஆடியவரைச் சமுதாயம் எந்தக் கண்ணால் பார்த்ததோ அதே கண்ணால் அவர்களுக்குப் பின்நின்று ஊதியவரையும் பார்த்தது. பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராடியவர், 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி. சென்னை மாகாணத்தில் அதற்கான சட்டம் 1947இல் நிறைவேறிற்று. பெண்களின் மேல் சுமத்தப்பட்ட கொடுமை நீங்கியது; அதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆனால், சின்ன மேளத்தை நம்பியிருந்த கருவிக் கலைஞர் தம் நிலைக்களனை இழந்தனர் என்பதும் உண்மை. அந்நாளில் கிளாரினெட்டின் முன் இரு வழிகள் இருந்தன. கல்யாண ஊர்வலத்துப் பேண்டு வாத்தியமாகத் தெருவுக்கே திரும்புவது ஒன்று; தனித்து மேடையேறுவது மற்றொன்று. சட்டம் வந்த ஆண்டில் நடராஜனுக்கு வயது பதினாறு.

மூன்று ஆசிரியர்

நடராஜன் 1931ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். தந்தையார் சின்னிகிருஷ்ண நாயுடு கிளாரினெட் கலைஞர். கருவியின் முதற்பாடம் அவரிடமே கிடைத்தது. அதோடு அமையாமல், வாய்ப்பாட்டை ஆலத்தூர் வேங்கடேச ஐயரிடம் பயின்றார். நாகசுரத்தை இலுப்பூர் நடேச பிள்ளையிடம் பயின்றார். கிளாரினெட் ஊதவேண்டிய இளைஞர் பாட்டையும் நாகசுரத்தையும் ஏன் பயின்றார் என்பதை விளங்கிக்கொண்டால் அவர் கலையின் உட்பொருள் விளங்கிவிடும்.

ஆலத்தூர் வேங்கடேச ஐயர், ஆலத்தூர் சகோதரர்களாகிய சிவசுப்பிரமணிய ஐயருக்கும் சீனிவாச ஐயருக்கும் இசை கற்பித்தவர். தாளக் கட்டுக்கும் கணக்குக்கும் பெயர் பெற்றது அவ்வழி. அச்சகோதரர்களின் கச்சேரிகளுக்கு மிகுதியும் மிருதங்கம் வாசித்தவர் பழனி சுப்பிரமணிய பிள்ளை. அவரது தாள மரபு கஞ்சிராவை அரங்கேற்றிய புதுக்கோட்டை மாமூண்டியா பிள்ளையிடம் சென்று சேர்கிறது. பசனைக் கூடத்தில் தட்டப்பட்ட சிறு கருவியைச் செவ்விசை மேடைக்கு உயர்த்திய ஊர் புதுக்கோட்டை என்பது இவ்விடத்தில் நினையத்தக்கது.

இலுப்பூர் நடேச பிள்ளையிடம் பயின்றதால் நாகசுரத்தின் இராக ஆலாபனை முறை நடராஜனுக்கு வாய்த்தது. கோயில் திருவிழாக்களில் ஒரே இராகத்தை நெடுநேரம் விரித்து வாசிக்கும் மூச்சும் பொறுமையும் அம்மரபின் செல்வம். பிற்காலத்தில் நடராஜன் தம் கச்சேரிகளுக்குத் தவிலைத் துணையாகக் கொண்டார். சின்ன மேளத்துக் கருவி பெரிய மேளத்து முறையில், பெரிய மேளத்துத் தோற்கருவியோடு ஒலித்தது. நெடுங்காலம் பிரிந்திருந்த இரு மேளங்களும் ஒரு கலைஞரின் மேடையில் சேர்ந்தன எனலாம்.

தோடியின் காந்தாரம்

அவர் எதிர்கொண்ட இடர்ப்பாடு எத்தகையது என்பதைச் சிறிது விளக்கவேண்டும். நாகசுரத்தில் விசைகள் இல்லை. துளையை விரல் நேரே தொடுகிறது. சீவாளியை இதழ் நேரே பற்றுகிறது. சுரங்களுக்கு இடையே வழுக்கிச் செல்வது அதற்கு இயல்பு. கிளாரினெட்டோ விசைகள் பொருத்தப்பட்ட கருவி. ஒவ்வொரு சுரமும் தனித்தனியே, தெளிவாக, படிக்கட்டுப்போல நிற்கவேண்டும் என்பதே அதன் ஆக்கத்தின் நோக்கம். மேலும், நாகசுரம் கூம்பிய குழல். காற்றை அழுத்தினால் அதே விரலமைப்பில் மேல் ஸ்தாயியின் அதே சுரம் பிறக்கும். கிளாரினெட் நேர்குழல், அதில் அவ்வாறு ஊதினால் கீழே சட்சமாக இருந்தது மேல் ஸ்தாயியின் பஞ்சமமாகத் தாவும். எனவே கீழே கற்ற விரல் வழக்கு மேலே உதவாது. ஒரே இராகத்தை அக்கருவியில் இருமுறை கற்கவேண்டியிருக்கிறது.

இதில் தோடியை வாசிப்பது எங்ஙனம்? தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ரிசபத்தின் பக்கம் தாழ்ந்தும் மத்திமத்தின் பக்கம் எழுந்தும் ஊசலாடும் அசைவே அச்சுரம். அசைவை நீக்கிவிட்டுக் காந்தாரத்தை மட்டும் வாசித்தால், சுரம் இருக்கும், தோடி இராது. உரிய விரலைத் துளையிலிருந்து முழுதும் எடுக்காமல் சிறிது சிறிதாக நெகிழ்த்தியும், நாணல் தகட்டின்மேல் இதழின் அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் அவ்வசைவைப் பிறப்பிக்கவேண்டும். விசை தரும் சுரத்தை இதழ் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கவேண்டும்.

எவ்வளவு திருத்துவது, எங்கே நிறுத்துவது என்பதைக் கருவி சொல்லாது, தொண்டைதான் சொல்லும். ஆகவேதான் வாய்ப்பாட்டுப் பயிற்சி. பாடித் தேர்ந்த தொண்டை அறிந்த அசைவை இதழ் பின்பற்றுகிறது. பாட்டின் சொல்முதலை நாவால் காற்றைத் தொட்டுக் காட்டும் துத்துகாரம் நாகசுரம் தந்த கொடை. ஒரு கீர்த்தனையை நடராஜன் வாசிக்கக் கேட்டால், அதை முன்பே அறிந்தவர் செவியில் அதன் சொற்களும் சேர்ந்தே ஒலிக்கும். கருவியில் சொல் இல்லை; சொல் பிரியும் இடமும் சேரும் இடமும் இருக்கின்றன. சீர் பிரிப்பதும் அசை சேர்ப்பதும் கவிஞர்க்குப் புதியன அல்ல.

இவ்விடத்தில் இன்னொரு மேலைக் கருவியின் கதையை ஒப்பிடவேண்டும். ஆர்மோனியமும் விசைக் கருவியே. அதன் சுரங்கள் கட்டையில் பிணிக்கப்பட்டவை. கமகத்துக்கு அங்கு வழியில்லை. பாரதியார் தம் இசைக் கட்டுரையில் அதனைக் கடிந்தார். அகில இந்திய வானொலி 1940இல் அதற்குத் தடை விதித்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகே, 1971இல் அத்தடை தளர்ந்தது. அதே வானொலியில் கிளாரினெட் கலைஞராக நடராஜன் பணியாற்றினார். பின்னர்ப் பணியை விட்டுக் கச்சேரி வாழ்வை ஏற்றார். இரண்டும் அயல் நாட்டுக் கருவிகள். இரண்டும் விசை உடையவை. ஆர்மோனியத்தை வாசிப்பவரின் மூச்சு அதன் சுரத்தைத் தொடுவதில்லை. கிளாரினெட்டை வாசிப்பவரின் மூச்சோ ஒவ்வொரு சுரத்தினுள்ளும் புகுகிறது. அயல்மை என்பது பிறந்த நாட்டைப் பொறுத்ததன்று என்பதும், நம் ஒலிப்புக்கு இசையுமா என்பதே உரைகல் என்பதும் இதனால் தெளிவாகும். தொல்காப்பியர் சொல்லுக்கு வைத்த வரையறை குழலுக்கும் பொருந்துகிறது.

மேடையும் மதிப்பும்

நடராஜனுக்கு முன்னும் கருநாடக இசையைக் கிளாரினெட்டில் வாசித்தோர் உண்டு. நாதமுனி பேண்டைச் சேர்ந்த பலராமன் அம்முன்னோடிகளுள் ஒருவர். எனினும் முழுநேரக் கச்சேரிக்குரிய தனிக்கருவியாக அதனை நாடறியச் செய்த பெரும்பணி நடராஜனுடையது. நாகசுரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை அவரைக் 'கிளாரினெட் எவரெஸ்ட்' என்று பாராட்டினார். தோடியைத் தம் இராகமென்றே உலகம் சொல்லும்படி வாசித்தவர் பிள்ளையவர்கள். நாகசுரக் கலைஞர் வாய்ப்பாட்டுக் கலைஞர்க்கு ஒப்ப மேடையில் அமரவேண்டும் என்னும் தன்மானத்தைத் தம் வாழ்வால் நிலைநாட்டியவர். அவர் 1956 இறுதியில் மறைந்தார். எனவே இப்பாராட்டு நடராஜனை அடைந்தபோது அவர் இருபத்தைந்து வயதைக் கடக்கவில்லை.

கலைஞர் தந்த பாராட்டு இளமையிலேயே வந்தது. நிறுவனங்கள் தந்தவை தாமதமாக வந்தன. சங்கீத நாடக அகாதெமி விருது 1994இல், அறுபத்து மூன்றாம் வயதில். சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி 2008இல், எழுபத்தேழாம் வயதில். பத்மஸ்ரீ 2022இல், தொண்ணூறாம் வயதில். இராஜரத்தினம் பிள்ளைக்குக் கிட்டாத கலாநிதிப் பட்டம், அவர் மறைந்து ஐம்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவரால் பாராட்டப்பட்ட இளைஞரை அடைந்தது. இதைப் பெருமை என்பதா, காலத்தாழ்ச்சி என்பதா? இரண்டும்தான்.

அந்த 2022ஆம் ஆண்டுப் பத்மஸ்ரீ பட்டியலை இம்மாவட்டத்தார் ஊன்றிப் படிக்கவேண்டும். அதில் விராலிமலை முத்துக்கண்ணம்மாள் பெயரும் இருக்கிறது. விராலிமலை முருகன் கோயிலில் சதிர் ஆடிய மரபின் எஞ்சிய சான்றாக விளங்கிய அம்மையார் அவர். அவர் ஊரும் நடராஜனின் ஆசிரியர் ஊரும் அண்டை ஊர்கள். சதிரின் பின்னே நின்று ஊதப்பட்ட கருவியும் சதிரும் ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் ஒரே ஏட்டில் அருகருகே எழுதப்பட்டன. அதே பட்டியலில், வானம்பாடி இயக்கத்தின் வழியே புதுக்கவிதையை வளர்த்த கவிஞர் சிற்பி பாலசுப்பிரமணியம் பெயரும் உண்டு. இரவல் என்று ஒரு காலத்தில் ஐயுறப்பட்ட குழலும் அவ்வாறே ஐயுறப்பட்ட கவிதை வடிவும், இழிவென்று ஒதுக்கப்பட்ட ஆடலும் ஓராண்டில் சிறப்புப் பெற்றன.

எஞ்சி நிற்கும் கடமை

பட்டியலோடு மகிழ்ந்து அமைவதற்கில்லை. தமிழ்நாடு அரசின் மாவட்ட இசைப்பள்ளிகளுள் ஒன்று புதுக்கோட்டையில் இயங்குகிறது. குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியன இப்பள்ளிகளின் பாடங்கள். வயலினும் கடல் கடந்து வந்ததே. பாலுசாமி தீட்சிதர் காலந்தொட்டு நம்முடையதாயிற்று. அதற்குப் பாடத்திட்டத்தில் இடம் உண்டு, கிளாரினெட்டுக்கு இல்லை. வயலினில் விரல் தடையின்றி வழுக்கும். கிளாரினெட்டில் ஒவ்வோர் அசைவையும் போராடிப் பெறவேண்டும் என்பது ஒரு காரணம். சதிரும் தெருவும் அக்கருவியின்மேல் ஏற்றிய பழைய இளக்காரம் மற்றொரு காரணமாக இருக்கக்கூடும். முன்னது கருவியின் இயல்பு. அதற்கு யாரும் பொறுப்பல்லர். பின்னதற்கு நாம் பொறுப்பு.

கருநாடக இசை மேடையில் கிளாரினெட் இன்று அரிதாகவே கேட்கிறது. தோடியின் காந்தாரத்தை எந்த அளவில் நெகிழ்த்துவது என்பதைச் சுரக்குறிப்பால் எழுதிவைக்க இயலாது. ஒலிப்பதிவால் ஓரளவே காட்ட இயலும். இதழிலிருந்து இதழுக்கு, எதிரே அமர்ந்து கற்பித்தாலன்றி அக்கலை செல்லாது. கற்பாரின்றி ஒரு தலைமுறை கழிந்தால், இக்குழல் மீண்டும் அயல்நாட்டுக் கருவியாகிவிடும். எழுதப்படாத மொழியில் கடைசியாகப் பேசுபவர் போலவே இக்கலைஞரின் நிலையும்.

ஆனால் கருவி மறையவில்லை. நம் ஊர்த் திருமண ஊர்வலங்களில், பேண்டு வாத்தியக் குழுக்களில், கிளாரினெட் ஊதும் இளைஞர்கள் இருக்கிறார்கள். திரைப்பாட்டை அவர்கள் வாசிக்கும்போதே, குரல் குழையும் இடத்தில் குழலும் குழைகிறது. கற்பிப்பார் கிடைத்தால் தோடி அவர்களுக்குத் தொலைவில் இல்லை. பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்விலக்கிய வட்டம், கவியரங்கங்களுக்கு இடையே ஒரு மாலையை அத்தகைய இளைஞர் ஒருவருக்கு ஒதுக்கலாம். நடராஜனின் ஒலிப்பதிவுகளை முதலில் கேட்கச் செய்து, பின்னர் அவ்விளைஞரை மேடையில் அமர்த்தலாம். நின்றபடி ஊதியவர் அமர்ந்து வாசிக்கட்டும், கவிஞர்கள் கேட்கட்டும். கவிஞர்க்கு அதில் பெறுவதற்கும் உண்டு. தம் கைக்கு வந்த புதிய வடிவத்தில் தமிழின் எந்த ஒலி வரமறுக்கிறதோ, அந்த ஒலியைக் கொண்டே அதைப் பழக்கவேண்டும் என்பதை அக்குழல் சொல்லித்தரும்.